பிந்தி அசைந்த வாய்கள்

தோரிகாவின் வகுப்பு ஆற்றுக்கு அக்கரையிலும் கேட்கும். படகுத்துறையில் காத்திருப்பவர்கள் அந்தச் சத்தத்தை வைத்தே மணி சொல்வார்கள். "எட்டாம் வகுப்புல கணக்கு ஆரம்பிச்சாச்சு, இனி படகு வர்ற நேரந்தான்" என்பார்கள்.

"மூணுல ஒண்ணும் ஆறுல ரெண்டும்?" என்று அவள் கேட்பாள்.

"சமம், மேடம்!" என்று முப்பத்திரண்டு பிள்ளைகள் கூரை அதிரச் சொல்வார்கள்.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது, மேடம்!"

பத்தொன்பது வருடமாக இதே சத்தம். பாதிரியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் அவள் வகுப்பைப் பாராட்டிப் பேசியிருக்கிறார். கல்வி அலுவலகத்திலிருந்து வந்த பெரிய மனிதர் வாசலில் நின்று கேட்டுவிட்டு, உள்ளே வராமலே "அருமை" என்று எழுதிக் கொடுத்துப் போயிருக்கிறார். உள்ளே வந்து என்ன பார்க்க வேண்டும், அதுதான் காது குளிரக் கேட்டாயிற்றே. தோரிகா அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு வகுப்பில் மாட்டி வைத்திருந்தாள்.

அந்த வருடம் அவள் மகள் ரெஜியேலி அவளுடைய வகுப்புக்கே வந்து சேர்ந்தாள். மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் அவள் இடம். எட்டாம் வகுப்புப் பரீட்சையில் நல்ல மதிப்பெண் வாங்கினால் பெரிய தீவில் இருக்கும் பெண்கள் விடுதிப் பள்ளியில் இடம் கிடைக்கும். தோரிகாவுக்குப் பதின்மூன்று வயதில் அந்த இடம் இரண்டே மதிப்பெண்ணில் கைநழுவிப் போனது. நாற்பத்து நான்கு வயதிலும் அந்த இரண்டு மதிப்பெண் அவள் தொண்டையில் நின்றுகொண்டிருந்தது. "என் பொண்ணு போவா. நான் போகாத வாசல்ல அவ போவா" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அவள் கணவன் அப்பேனிசா அதை அப்படியே நம்பினான். ஜனவரியிலேயே பலகை வாங்கி, விடுதிக்குக் கொண்டு போகும் பெட்டியைச் செய்துவிட்டான். பச்சை வர்ணம் அடித்து, மூடியின் மேல் வெள்ளை எழுத்தில் மகளின் முழுப்பெயரையும் ஊர்ப்பெயரையும் எழுதினான். பரீட்சைக்கு இன்னும் பத்து மாதம் இருந்தது.

பள்ளி திறந்த இரண்டாவது வாரம் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு பருவத்திலும் ஓர் ஆசிரியர் இன்னொரு ஆசிரியரின் வகுப்பில் ஒரு பாடவேளை உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேச வேண்டும். பார்த்தது, நன்றாக இருந்தது, மாற்றிக்கொள்ள வேண்டியது ஒன்று என்று மூன்று கட்டம் உள்ள தாளை நிரப்ப வேண்டும். அடியில், 'வாசித்தேன், கலந்து பேசினோம்' என்ற வரிக்குக் கீழே பாடம் நடத்தியவர் கையெழுத்துப் போட வேண்டும்.

தலைமை ஆசிரியர் ஏமோரி தலையைச் சொறிந்தார். முந்தின வருடம் சோதனையாக ஒரு தடவை இதைச் செய்து பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்டவர் அவர். நான்காம் வகுப்பு ஆசிரியை அதேதா, அதே பள்ளியில் பாடம் நடத்தும் பாதிரியார் மனைவியின் வகுப்பில் 'சத்தம் போதவில்லை' என்று எழுதப் போய், இருவரும் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆகவே இந்தத் தடவை ஏமோரி யோசித்தார். கோபமே வராத ஜோடி யார்? தோரிகாவும் ஏழாம் வகுப்பு லனியானாவும் தௌவு ஆயிற்றே!

லனியானாவின் ஊர் கடற்கரையில். தோரிகாவின் ஊர் ஆற்றங்கரையில். இரண்டு ஊருக்கும் ஆதியில் ஒரே தெய்வம், அதனால் இரண்டு ஊராரும் ஒருவருக்கொருவர் தௌவு. தௌவு தௌவை என்ன சொல்லியும் கேலி செய்யலாம். வீட்டுக்குள் புகுந்து பிடித்ததைத் தூக்கிக்கொண்டும் போகலாம். கோபம் மட்டும் படக் கூடாது. சாவு வீட்டில்கூடத் தௌவு வந்து பிணத்தைக் கிண்டல் செய்தால் அழுதுகொண்டிருப்பவர்கள் சிரித்துத்தான் ஆக வேண்டும்.

"உங்க ரெண்டு பேரையும் ஜோடி போட்டுட்டேன். சண்டை வராது, தாளும் சீக்கிரம் வந்துரும்" என்றார் ஏமோரி. தன் புத்திசாலித்தனத்தில் அவருக்கே ஒரு திருப்தி.

லனியானா முதல் தடவை வந்தபோது பார்க்க வருபவர்கள் வழக்கமாக உட்காரும் கடைசி வரிசையில் உட்காரவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கரும்பலகைக்குக் கீழே, மூலையில், பிள்ளைகளைப் பார்த்தபடி போட்டுக்கொண்டாள்.

"என்ன தௌவு, என் முகத்தைப் பாக்கப் பயமா?" என்றாள் தோரிகா.

"தினம் பாத்துத்தானே சாப்பாடு இறங்க மாட்டேங்குது. இன்னிக்காவது இந்தப் புள்ளைங்க முகத்தைப் பாக்குறேன்."

வகுப்பு சிரித்தது. தோரிகா பின்னங்களை நடத்தினாள். கேள்வியும் பதிலும் ஆற்றைத் தாண்டின. லனியானா மடியில் தாளை வைத்துக் குனிந்து குனிந்து என்னவோ எழுதிக்கொண்டே இருந்தாள்.

இருவரும் தனியாகப் பேச வேண்டும் என்றுதான் சுற்றறிக்கையில் இருந்தது. ஆனால் பள்ளியில் ஆசிரியர்களுக்கென்று இருந்தது ஒரே அறை, ஒரே மேசை. எலுமிச்சை இலைத் தேநீரும் அவித்த மரவள்ளிக் கிழங்குமாக எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். தௌவுகள் இருவர் எதிரெதிரே உட்கார்ந்ததுமே மற்றவர்கள் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"தௌவு, உன் வகுப்புல முப்பத்திரண்டு வாய் இருக்கு. பதில் சொல்றது இருபத்தொண்ணுதான். மிச்சம் பதினொண்ணு ஒரு எட்டுப் பிந்தி அசையுது. சும்மா சேப்பங்கிழங்கு மெல்லுது, கிழங்கே இல்லாம" என்றாள் லனியானா.

"உங்க உப்பு மண்ணுல கிழங்கு எங்க விளையுது? அதான், யார் வாயசைச்சாலும் உனக்குக் கிழங்காத் தெரியுது."

ஏமோரிக்குத் தேநீர் புரையேறியது. அதேதா மேசையில் தட்டினாள்.

"அதுல உன் பொண்ணுதான் நல்லா மெல்லுறா, தௌவு. மூணாவது வரிசை" என்றாள் லனியானா.

"அவ அப்பனைக் கொண்டிருக்கா. அந்த மனுஷன் தூக்கத்துலயும் மெல்லுவார்."

அறை குலுங்கியது. சிரிப்பு அடங்குவதற்குள் தோரிகா தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

மறுவாரம் அவள் லனியானாவின் வகுப்புக்குப் போனாள். முறைப்படி திருப்பிக் கொடுக்க வேண்டாமா? பாடத்தை அவள் கவனித்தாளோ இல்லையோ, மேசைக்கு வந்ததும் முதல் வெடியே பலமாக இருந்தது.

"உன் பின்பக்கம் பாதிக் கரும்பலகைய மறைக்குது, தௌவு. ஏழாம் வகுப்பு பாதிக் கணக்குதான் படிக்குது. மீதிப் பாதி உன் பாவாடை."

லனியானா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அந்தக் கேலி பள்ளி முழுக்க ஒரு மாதம் ஓடியது. தோரிகா அதையே தாளிலும் எழுதிக் கொடுத்தாள்.

இரண்டாம் பருவத்தில் லனியானா மறுபடி அதே மூலையில் உட்கார்ந்து எழுதினாள். மேசைக்கு வந்ததும், "பதினொண்ணு இப்ப பதிமூணாயிருச்சு" என்று ஆரம்பித்தாள். சிரிப்பு கிளம்பியது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"தோரிகா, ஒரே ஒரு நாள் நீ சும்மா இருந்து, ஒரு புள்ளைய மட்டும் எழுப்பிக் கேளேன். எல்லாரையும் சேத்துக் கேக்காத. ரெஜியைக் கேளு."

அவள் 'தௌவு' என்று கூப்பிடாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மேசையில் எல்லாரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். சிரிக்காத தௌவு முகத்தைத் தோரிகா பார்த்ததே இல்லை. இந்த முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? ஒரு தௌவு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் இன்னொரு தௌவு என்ன செய்வது என்று யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சுவரோரம் லனியானாவின் புதுக் குடை சாய்ந்திருந்தது. தோரிகா எழுந்து போய் அதை எடுத்து விரித்தாள்.

"இவ்வளவு நேரம் உன் அழுமூஞ்சியப் பாத்ததுக்குக் கூலி. இந்தக் குடை இனி என்னோடது!"

ஓய்லே, என்ன சிரிப்பு! பாதிரியார் மனைவி நாற்காலியிலிருந்து வழுக்கிவிட்டாள். லனியானா கையிலிருந்த தாளைப் பார்த்தாள். பிறகு அவளும் சிரித்துவிட்டாள். தோரிகா வெயில் இல்லாத நாளிலும் அந்தக் குடையைப் பிடித்துக்கொண்டு போனாள்.

மூன்றாம் பருவத்தில் பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. லனியானா வந்தாள், எழுதினாள், தாளை நீட்டினாள்.

"என்ன எழுதியிருக்க?"

"எப்பவும் எழுதுறதுதான்."

"அப்ப அதை எதுக்குப் படிக்கணும்?" என்று நின்றபடியே கையெழுத்துப் போட்டாள் தோரிகா. பரீட்சைக் கூடத்தில் பிள்ளைகள் ஒரு மீட்டர் இடைவெளி விட்டு, வாயை மூடிக்கொண்டு, தனித்தனியாக உட்கார்ந்து எழுதுவார்கள் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் அவள் அதை ஒரு நிமிடமும் நினைத்துப் பார்க்கவில்லை. அந்தப் பாவத்துக்கு வேறு யாரையும் கை காட்ட முடியாது.

டிசம்பரில் முடிவு வந்தது. ஏமோரி தாளை மேசையில் வைத்துவிட்டு வெளியே பார்த்தார். முப்பத்திரண்டில் பதின்மூன்று பேர் தேறவில்லை. ரெஜியேலிக்குக் கணக்கில் நூற்றுக்கு இருபத்தாறு.

தோரிகா வீட்டுக்கு வந்தபோது அப்பேனிசா பெட்டியின் கீல்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். அவள் நேரே உள்ளே போய் மகளைச் சாப்பாட்டுப் பாயில் எதிரே உட்கார வைத்தாள். உள்ளே வேறு யாரும் இல்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் இல்லை.

"ரெஜி, அறுபதுல கால்வாசி எவ்வளவு?"

ரெஜி அம்மாவைப் பார்த்தாள். உதடு கொஞ்சம் திறந்தது. திறந்தபடியே நின்றது. அவள் யோசிக்கவில்லை, காத்துக்கொண்டிருந்தாள் என்பது தோரிகாவுக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆனது. கண் மெல்ல இடப்பக்கம் போனது, வகுப்பில் கெட்டிக்காரி ஒருத்தி உட்காரும் பக்கம். அங்கே சுவர்தான் இருந்தது.

"சொல்லுடி."

"யாராவது ஆரம்பிச்சா எனக்கு வந்துரும்மா."

"எத்தனை நாளா இப்படி?"

"எல்லா நாளுந்தான். முதல் எழுத்து கேட்டாப் போதும், மிச்சத்தை நான் பிடிச்சுக்குவேன். அப்ப நீ என்னைப் பாத்துச் சிரிப்பே. நீ சிரிச்சா எனக்கு நல்லாருக்கும்" என்றாள் ரெஜி. அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. இத்தனை நாளாகக் கஷ்டப்பட்டுச் செய்த ஒரு வேலையை விவரிக்கிற மாதிரி சொன்னாள்.

தோரிகா தலையில் அடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. விடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு லனியானாவின் வீட்டுக்குப் போனாள். லனியானா வாசலில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே. மூணு தடவை."

"சிரிச்சுக்கிட்டே சொன்னே! அதுவா சொல்றது?"

"சிரிக்காமயும் ஒரு தடவை சொன்னேன். குடையத் தூக்கிட்டுப் போனே."

தோரிகா குடையைப் பார்த்தாள். கோபப்படலாம் என்று வந்தவளுக்குக் கோபத்தை வைக்க இடமில்லை. வேறு யாராவது இருந்தால் நாலு வார்த்தை கத்தியிருப்பாள், மயிரைப் பிடித்திருப்பாள்.

"எங்க ஊர்க்காரங்க கிட்ட நீ எதைச் சொன்னாலும் கேலியாத்தானே கேக்கும்? வீட்டுக்கு வந்து, ஒத்தையில, அழுத்திச் சொல்லிருக்கலாம்ல?"

லனியானா துருவலைத் தட்டிவிட்டாள். "சொல்லிருக்கலாம். பொய் சொல்ல மாட்டேன், தோரிகா. எல்லாரும் சிரிக்கறப்ப எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. சொல்லியாச்சுன்னு தோணுச்சு. அதோட விட்டுட்டேன்." பிறகு மெதுவாகச் சொன்னாள்: "பேரெல்லாம் தாள்ல எழுதியிருக்கேன். போய்ப் பாரு. கீழ உன் கையெழுத்து இருக்கு."

தோரிகா போய்ப் பார்த்தாள். ஏமோரியின் தகர அலமாரியில் மூன்று தாளும் இருந்தன. லனியானாவின் எழுத்து மணிமணியாக இருந்தது. வரிசை எண், பெயர், எத்தனை கேள்விக்கு வாய் பிந்தியது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதியிருந்தாள். கடைசித் தாளில் இருந்த பதின்மூன்று பெயர்களில் பன்னிரண்டு பேர் தேறாதவர்கள். ரெஜியேலி, மூன்றாவது வரிசை, இருபது கேள்வி, இருபதும் பிந்தியது. 'மாற்றிக்கொள்ள வேண்டியது ஒன்று' என்ற கட்டத்தில், 'தயவுசெய்து இந்தப் பிள்ளைகளைத் தனியாகக் கேள்' என்று எழுதியிருந்தது. அந்தத் 'தயவுசெய்து'வைத் தோரிகாவால் தாங்க முடியவில்லை. அதற்குக் கீழே 'வாசித்தேன், கலந்து பேசினோம்' என்ற வரி. அதற்கும் கீழே அவளுடைய கையெழுத்து, வால் நீட்டி, வெகு அழகாக.

புது வருடத்தில் ஏமோரி வகுப்புகளை மாற்றினார். லனியானாவுக்கு எட்டாம் வகுப்பு, தோரிகாவுக்கு மூன்றாம் வகுப்பு. "தண்டனை இல்ல, சும்மா ஒரு மாத்தம்" என்றார். தண்டனை என்று சொல்லியிருந்தாலாவது மரியாதையாக இருந்திருக்கும். படகுத்துறையில் இப்போது யாருக்கும் மணி தெரியவில்லை. ரெஜியேலி எட்டாம் வகுப்பை மறுபடி படித்தாள். பச்சைப் பெட்டியில் அப்பேனிசா மழைக்காலத் துணிகளைப் போட்டு வைத்தான். மூடியிலிருந்த பெயரை அவன் அழிக்கவில்லை, யாரும் அழிக்கச் சொல்லவும் இல்லை.

ஆசிரியர் அறையிலும் சிரிப்பு செத்துப்போயிருந்தது. இரண்டு தௌவுகளும் எதிரெதிரே உட்கார்ந்து பேசாமல் கிழங்கு தின்றால் மற்றவர்களுக்கு எப்படி இறங்கும்? ஏதோ வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாத மாதிரி எல்லாரும் மெல்லப் பேசினார்கள்.

முதல் பருவத்தில் தோரிகாவின் முறை வந்தது. லனியானாவின் வகுப்புக்குப் போனாள். நாற்காலியைத் தூக்கிக் கரும்பலகைக்குக் கீழே, அதே மூலையில் போட்டுக்கொண்டாள். குனிந்தபோது தரையில், கரும்பலகையின் இடது ஓரத்துக்கு நேராக, சிவப்பு வர்ணத்தில் ஒரு சின்னக் கோடு தெரிந்தது.

"இதென்னடி கோடு?" என்று முன்வரிசைப் பெண்ணிடம் கேட்டாள்.

"மேடம் நிக்கிற இடம். ஏழாம் வகுப்பு ரூம்லயும் போன வருஷம் போட்டிருந்தாங்க. எழுதிட்டு அங்க போயி நின்னுக்குவாங்க. பலகைய மறைக்கக் கூடாதாம்."

தோரிகா அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பக்கத்தைப் பற்றிய அந்தக் கேலிதான். சிரிப்புக்காகச் சொன்னதை, பாடத்தைப் பார்க்காமலே சொன்னதை, ஒருத்தி கேட்டிருக்கிறாள். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, வகுப்புக்குப் போய்க் கோடு போட்டிருக்கிறாள்.

பாடம் நடந்தது. கூட்டுக் குரல் இல்லை. "ரெஜியேலி, எண்பதுல கால்வாசி?" என்று லனியானா கேட்டுவிட்டுச் சும்மா நின்றாள். ரெஜியின் உதடு திறந்து நின்றது. கண் இடப்பக்கம் போயிற்று. அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். ஆற்றில் யாரோ துணி அடித்துத் துவைக்கும் சத்தம் கேட்டது. தோரிகாவின் வாயில் பதில் வந்து முட்டியது. முதல் எழுத்தை மட்டும் சொன்னால் போதும், பிள்ளை பிடித்துக்கொள்ளும். அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இருபது" என்றாள் ரெஜி.

மெல்லிய, கொஞ்சம் கரகரத்த குரல். ஒரு வருடம் தன் வகுப்பில் உட்கார வைத்திருந்த மகளின் குரலைத் தோரிகா வகுப்பறைக்குள் தனியாகக் கேட்டது அன்றுதான். அதுவும் வேறொருத்தியின் வகுப்பில்.

தாளை அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். 'மாற்றிக்கொள்ள வேண்டியது ஒன்று' என்ற கட்டத்தில் பேனா வெகுநேரம் நின்றது. பிறகு எழுதினாள்: 'இவளிடம் மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை. இவள் சொன்னபோது நான் கேட்டிருக்க வேண்டும். என் மகளின் ஒரு வருடமும், இன்னும் பன்னிரண்டு பிள்ளைகளின் ஒரு வருடமும் என்னால் போயிற்று. என்னை மன்னித்துவிடு.'

மேசையில் தாளை லனியானாவின் முன்னால் தள்ளினாள். எல்லாரும் கிழங்கைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். இத்தனை மாதத்துக்குப் பிறகு இதோ, தௌவு தௌவுக்கு எழுதியிருக்கிறாள்!

"சத்தமாப் படிங்க, சத்தமா!" என்றார் ஏமோரி.

லனியானா தாளைத் தூக்கிப் பிடித்தாள். "இவளிடம் மாற்ற வேண்டியது ஒன்றுமில்லை" என்று படித்தாள்.

அறை வெடித்தது. அதேதா மேசையில் குத்தினாள். பாதிரியார் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "தோரிகா வாயிலிருந்தா! தௌவுக்கா! ஐயோ, கொன்னுட்டா!" என்று ஏமோரி கண்ணைத் துடைத்தார். எத்தனை நாள் அடக்கி வைத்த சிரிப்பு!

"நான் நெசமாத்தான் எழுதியிருக்கேன்" என்றாள் தோரிகா.

அதற்கு முன்னைவிடப் பலமாகச் சிரித்தார்கள்.

அவள் லனியானாவைப் பார்த்தாள். இவளுக்காவது தெரியும், இவள் மட்டும் மேலே படிப்பாள் என்று பார்த்தாள். லனியானா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. பழைய தௌவு திரும்பி வந்துவிட்டாள் என்ற நிம்மதி.

"நல்லாப் போட்டே தௌவு, நல்லாப் போட்டே! இதுக்கு ஈடா உன் குடைய நான் எடுத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டே, மற்ற வரிகளைப் பார்க்காமல், 'வாசித்தேன், கலந்து பேசினோம்' என்பதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள் லனியானா.

ஏமோரி தாளை வாங்கித் தகர அலமாரியில் வைத்தார். தோரிகா கிழங்கை எடுத்துக் கடித்தாள். எல்லாரும் அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளும் கொஞ்சம் பிந்தி வாயைத் திறந்து சிரித்தாள்.